கார்வின் கண்ணாடியைக் கழற்றினால் பாஸ்

லார்க்கின் மெசா பள்ளியில் முப்பத்தொரு பெண்களுக்கும் தெரிந்த ஒரு விஷயம் கார்வின் ஹோல்க்ரெனுக்கு மட்டும் தெரியாது. ஒருத்தி கடிதம் வாசிக்கும்போது அவர் கண்ணாடியைக் கழற்றினால் அவள் பாஸ். கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தால் முதல் வகுப்பு. துடைத்த கையோடு ஜன்னல் வழியே சிவப்புப் பாறைகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால், அவள் அன்றைக்கே பெட்டியை எடுத்துத் தூசி தட்டலாம்.

யூட்டாவின் தெற்கு மூலையில், கடைசி பெட்ரோல் பங்கைத் தாண்டி நாற்பது நிமிடம் போனால் பள்ளி வரும். சாப்பிட மறுத்தவள், ஓடிப்போனவள், கையைக் கீறிக்கொண்டவள், எதுவும் செய்யாமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எட்டு மாதம் உட்கார்ந்தவள் என்று நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். அவர்களைத் தேற்றி அனுப்புவதாகப் பள்ளியின் விளம்பரத்தாள் சொன்னது. பள்ளியின் சொந்தக்காரர் ருலான் ஹாஃபென் இதற்கு முன் வெந்நீர்த் தொட்டி விற்றுக்கொண்டிருந்தவர். தொழில் மாறியதே தவிர விற்கிற பேச்சு மாறவில்லை. உள்ளே இறங்குங்கள், எல்லாம் தளர்ந்துவிடும்.

இறங்கிய பெண்களை மேலே ஏற்றுவது மனநல ஆலோசகரான கார்வினின் வேலை. ஐந்து படிகள்: பள்ளத்தாக்கு, ஓடை, சரிவு, முகடு, உச்சி. இதை யோசித்துக் கண்டுபிடித்தவர் அவரேதான். மலை ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும் என்பது வேறு விஷயம். பள்ளத்தாக்கில் இருப்பவளுக்கு ஷூ நாடா கிடையாது. ஓடிவிடக் கூடாது என்று ரப்பர் செருப்பு கொடுப்பார்கள். ஓடைக்கு வந்தால் நாடாவும் போனும். சரிவில் குதிரைச் சவாரி. முகட்டில் ஒரு வாரம் வீடு. உச்சியில் ஒரேயடியாக வீடு.

ஒவ்வொரு படிக்கும் ஒரு பொறுப்புக் கடிதம். நான் என்ன செய்தேன், யாருக்கு வலித்தது, அதில் என் பங்கு என்ன. புதன்கிழமை மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார, நடுவில் நின்று வாசிக்க வேண்டும். கைதட்டக் கூடாது, விரலைச் சொடுக்க வேண்டும். கைதட்டினால் மேடை நாடகம் ஆகிவிடும் என்பது கார்வினின் கொள்கை. சொடுக்கினால் மட்டும் என்ன ஆகும் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

எல்லோரும் அவரை டாக்டர் என்று அழைத்தார்கள். அவர் டாக்டர் இல்லை. முதல் வருடம் திருத்தினார். இரண்டாம் வருடம் லேசாக இருமினார். மூன்றாம் வருடத்திலிருந்து திரும்பிப் பார்க்கிறார். ஐம்பத்து நாலு வயதில், இடுப்பில் கொம்பு வைத்த பெல்ட்டும் மேசையில் மனசை ஆற்றும் மணல் தட்டுமாக, தன்னிடம் ஒரே ஒரு திறமை இருப்பதாக அவர் நம்பினார். ஒருவர் உண்மையைப் பேசும்போது தனக்குத் தெரிந்துவிடும். பெற்றோர் கூட்டத்தில் மூக்கைத் தட்டிக் காட்டி, "இது பொய் சொன்னதில்ல" என்பார். பெற்றோர் அந்த மூக்கை மரியாதையோடு பார்ப்பார்கள்.

அந்த மூக்குக்கு எதுவும் எட்டாத ஒரே பெண் ஒடெஸ்ஸா ப்ரூயிட். நெப்ராஸ்காக்காரி, பதினாறு வயது. வந்து ஏழு மாதமாகியும் பள்ளத்தாக்கிலேயே நீல ரப்பர் செருப்போடு இருந்தாள். புதன்கிழமைதோறும் மடித்த தாள் ஒன்றைக் கொடுப்பாள். பிரித்தால் வெள்ளையாக இருக்கும். கார்வின் அவளுடைய கோப்பில், 'உணர்ச்சியை வெளிப்படுத்தும் திறன் இல்லை' என்று எழுதினார். பிறகு, பக்கத்து மாநிலத்தில் பூட்டிய கதவுகளுள்ள ஓர் இடத்துக்கு அவளை மாற்றலாம் என்று சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் அப்பாவும் போட்டார். வெள்ளிக்கிழமை வேன் வருவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை வேன் வருதும்மா."

"அங்க ஜன்னல் தெறக்குமா?"

"தெறக்காது."

"சரி."

"சரின்னா? உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"என்ன தோணணும்னு சொல்லுங்க டாக்டர். தோணுதான்னு பாக்குறேன்."

கார்வின் கோப்பில் 'எதிர்ப்பு' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். அடிக்கோடு போடும்போது தான் மிகவும் பொறுமைசாலி என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை ப்ரின்லி கெஸ்ஸிங்கரின் அம்மாவோடு வீடியோ பேச்சு. ப்ரின்லி போன புதன்தான் சரிவுக்கு ஏறியிருந்தாள். அவரைக் கண்ணாடியைத் துடைக்கவும் பாறையைப் பார்க்கவும் வைத்த கடிதம் அவளுடையது. அம்மாவுக்கு அதைத் தானே வாசித்துக் காட்ட வேண்டும் என்று கார்வினுக்கு ஆசை. தொண்டையைச் செருமிக்கொண்டார். பக்கத்தில் ப்ரின்லி, கூரையில் எத்தனை பலகை என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"'பள்ளியிலிருந்து என்னை அழைத்துப் போக இரண்டு பேர் வந்த விடியலில் அப்பா காரேஜ் வாசலில் காலுறையோடு நின்றார். மார்ச் மாதப் பனி. ஷூ போட்டுக்கொள்ள அவருக்கு நேரம் இருந்தது. போட்டால் என் பின்னால் ஓடிவர வேண்டியிருக்கும், அதனால் போடவில்லை. காரேஜ் விளக்கை அணைக்கவும் இல்லை. அது எனக்காக எரிகிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தினமும் அதை அணைப்பது நான்தான்.'"

கார்வின் நிறுத்தினார். கண்ணாடி கையில் இருந்தது. திரையில் அம்மா தலையைச் சாய்த்தாள்.

"அழகா இருக்கு. இது யாரப் பத்தி?"

"உங்க பொண்ணு, உங்க வீடு..."

"எங்களுக்குக் காரேஜ் கிடையாது. பதினாலாவது மாடி. பனியா? நாங்க டாம்பால இருக்கோம் டாக்டர். இங்க பனி பெஞ்சா செய்தியில சொல்லுவாங்க."

"அவளோட அப்பா..."

"அவரு இவளுக்கு ரெண்டு வயசுலயே போயிட்டாரு. காலுறையோட போனாரா வெறுங்காலோட போனாரான்னு நான் கவனிக்கல."

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதர் வாயை மூடியிருப்பார். கார்வின், "சில சமயம் மனசு உருவகமா பேசும்மா" என்றார்.

"உருவகத்துக்கா எம்பொண்ண ரெண்டாயிரம் மைல் தாண்டி அனுப்பினேன்?" என்று கேட்டுவிட்டு அம்மா திரையிலிருந்து போய்விட்டாள்.

கார்வின் நாற்காலியைத் திருப்பினார். "யாரு எழுதினது?"

"கோவப்படக் கூடாது" என்றாள் ப்ரின்லி.

"நான் கோவப்பட மாட்டேன். நான் தெரபிஸ்ட்."

"அதனாலதான் கேக்குறேன்."

"ப்ரின்லி."

"ஒடெஸ்ஸா."

"எந்த ஒடெஸ்ஸா?"

"நம்மகிட்ட எத்தன ஒடெஸ்ஸா இருக்கா?" ப்ரின்லிக்கு அவர்மேல் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. "எல்லாருக்கும் அவதான் எழுதிக் குடுப்பா. ஒரு கடிதத்துக்கு ரெண்டு வாரம் அவ பங்கு பாத்திரத்த நாம கழுவணும். அவ்ளோதான். நல்லா எழுதுவால்ல? நீங்க எங்க கண்ணாடியக் கழட்டுவீங்கன்னு ஓரத்துல பென்சில்ல குட்டியா ஒரு கண்ணாடி வரைஞ்சு வெச்சிருப்பா. அங்க நிறுத்தி மூச்சு விடணும். நான் ரெண்டு எடத்துல விட்டேன்."

அவள் போன பிறகு கார்வின் அலமாரியைத் திறந்து இந்த வருடத்துக் கடிதங்களை எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது, ரப்பரால் அழித்த தடத்தில் குட்டிக் கண்ணாடிகள் தெரிந்தன. மொத்தம் பதினோரு கடிதங்களில். வாசித்த பிறகு ஒவ்வொன்றையும் அவரே வாங்கி, இன்னொரு தடவை படித்துத்தான் கோப்பில் வைத்திருந்தார். படிக்கும்போது இந்த இடங்களில் மறுபடி கண்ணாடியைக் கழற்றியிருப்பார், தடம் கண்ணில் எப்படிப் படும்? முப்பது வருட அனுபவமுள்ள மூக்கை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார். அது சளி பிடித்தால் ஒழுகும், வெயிலில் தோல் உரியும். வேறு விசேஷம் எதுவும் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு பதினொன்றையும் வரிசையாகப் படித்தார். பதினோரு பெண்கள், பதினோரு ஊர்கள், ஆனால் வீடு ஒன்றுதான். ஒருத்தியின் கடிதத்தில் சமையலறை மேசையில் கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி இருந்தது. புதன்வரை காலி, வியாழனிலிருந்து நிரம்பியிருந்தது. இன்னொருத்தி, பள்ளிக்கூட நடைவழியில் நின்றுகொண்டு அம்மாவின் போனை எடுக்காமல் பைக்குள் போட்டிருந்தாள். மூன்றாமவள், அந்தப் போனில் அம்மா விட்ட குரல் பதிவை இன்னும் கேட்கவில்லை. இதற்காக ஓடைக்கு ஏற்றப்பட்டாள். நான்காமவள் அம்மாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய், வேர்த்து ஊற்றியும் கழற்ற மாட்டேன் என்று ஆசிரியையைக் கடித்திருந்தாள்.

கார்வின் ஒடெஸ்ஸாவின் கோப்பைத் திறந்தார். அம்மா: இறந்துவிட்டார், ஒரு வியாழக்கிழமை. அனுப்பக் காரணம்: ஆசிரியையைக் கடித்தது. கீழே தன்னுடைய கையெழுத்தில்: 'மேலும் விவரம் சொல்ல மறுக்கிறாள்.'

விவரம் பதினோரு தவணையில் வந்திருந்தது. பதினோரு முறை அவளுக்காக அழுதிருக்கிறார். ஒரு முறைகூட அவள் உட்கார்ந்த பக்கம் திரும்பவில்லை.

புதன்கிழமை காலை ருலானின் அறைக்குப் போனார். ருலான் காபியைத் தொடாதவர், அதற்குப் பதிலாகத் தேங்காய்ப் பாகு ஊற்றிய சோடாவைப் பூத்தொட்டி அளவுக் கோப்பையில் உறிஞ்சுவார். விஷயத்தைக் கேட்டதும் உறிஞ்சுவதை நிறுத்தினார்.

"அதுல மூணு பொண்ணு வீட்டுக்கே போயாச்சேய்யா."

"ஆமா."

"விளம்பரத்தாள்ல பின்னட்டையில ஒரு கடிதம் போட்டிருக்கோம். மாத்திரைப் பெட்டி. எம்பொண்டாட்டி அத ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கா."

"ஆமா."

"சனிக்கிழமை புதுப் பெற்றோர் வர்றாங்க. நீ மூக்கத் தட்டிக் காட்டணும்." ருலான் குரலைத் தாழ்த்தினார். "இதப் பாரு. வெள்ளிக்கிழமை வேன் வருது. எழுதுறவ போயிட்டா எழுத்தும் போயிடும். பிரச்சினையே அதே வேன்ல ஏறிப் போயிடுது. நாம ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல."

கார்வின் உடனே மறுத்தார் என்று சொல்ல ஆசைதான். அவர் யோசித்தார். ருலானின் கோப்பை காலியாகி, அடியில் பனிக்கட்டி கடகடக்கிற வரைக்கும் யோசித்தார். டாக்டர் என்ற பட்டம், மூக்கு, வசந்தகாலத்தில் டென்வர் மாநாட்டில் 'உண்மையின் குரல்' என்று பேச ஒத்துக்கொண்டிருப்பது, எல்லாம் மனதில் ஒரு சுற்று வந்தன. மாநாட்டில் அவர் வாசிக்கத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த மூன்று கடிதங்களும் ஒடெஸ்ஸா எழுதியவை. அது ஞாபகம் வந்ததும் அவருக்குத் தன்னை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னய்யா சிரிக்கிற?"

"வேன நிறுத்துறேன் ருலான். சிபாரிசு என்னுது, நான் திரும்ப வாங்கிக்கிறேன். அவ அப்பாகிட்ட இப்பவே பேசுறேன். மதியம் வட்டத்துல பொண்ணுங்ககிட்ட நானே சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"பொறுப்புக் கடிதம் வாசிக்கிறேன்."

"நீயா?" ருலான் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ எந்தப் படியில இருக்க?"

கார்வின் நெப்ராஸ்காவில் ஒடெஸ்ஸாவின் அப்பாவுக்குப் போன் போட்டார். மனிதர் பாதிப் பேச்சிலேயே, "அப்ப அவ அங்க போக வேண்டாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றார் கார்வின். பிறகு அந்த மனிதர் மகளிடம் கேட்கச் சொல்லி ஒரு கேள்வி சொன்னார். கார்வின் அதைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்து கடிதம். ஆறு முறை எழுதிக் கிழித்து, ஏழாவதை எடுத்துக்கொண்டு குதிரைக் கொட்டிலுக்கு நடந்தார். ஒடெஸ்ஸா அங்கே மேயருக்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள். மேயர் இருபத்தொரு வயதுக் கிழட்டுக் குதிரை. குதிரைகளுக்குப் போலித்தனம் பிடிக்காது, உடனே காட்டிக்கொடுக்கும் என்று கார்வின் பெற்றோரிடம் சொல்வது வழக்கம். மேயர் ஒன்பது வருடமாகக் கார்வினை மட்டும் பார்த்த இடத்தில் கடித்துவந்தது. அதை அவர் பாசம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

"ப்ரின்லி சொல்லிட்டா" என்றாள் ஒடெஸ்ஸா, திரும்பாமல். "இன்னிக்கே வேனா?"

"வேன் வராது."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மறுபடி தேய்த்தது.

"ஏம்மா உம்பேர்ல ஒண்ணு எழுதியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு கடிதம். ஒரே வாரத்துல..."

"எழுதினா நீங்க அழுவீங்க. அழுதா எனக்கு நாடா குடுப்பீங்க." அவள் குதிரையின் கழுத்தைப் பார்த்தே பேசினாள். "எங்கம்மாவக் குடுத்து ஷூ நாடா வாங்கச் சொல்றீங்களா?"

கார்வின் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்காகத் தன்னைப் பாராட்டிக்கொள்ளத் தோன்றியது. அதையும் அடக்கினார்.

"மத்தவங்க பேர்ல போனா அது அம்மா இல்ல" என்றாள். "சும்மா எழுத்து. அது பரவால்ல."

அவர் தன் தாளை நீட்டினார். "இதக் கொஞ்சம் பாக்கிறியா?"

அவள் பிரஷைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படித்தாள். "செயல்முறைங்கிற வார்த்த நாலு தடவ வருது. 'நாம் அனைவரும்'னு ஆரம்பிக்குது. நாங்க என்ன பண்ணோம்?" தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "இது விளக்கம். பொறுப்பு இல்ல."

அது கார்வினின் வாசகம். ஒன்பது வருடமாகப் பெண்களின் தாள்களில் சிவப்பு மையில் எழுதிவருவது. அதை வாங்கும்போது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"நீயே எழுதித் தர்றியா? ரெண்டு வாரம் பாத்திரம் நான் கழுவுறேன்."

விளையாட்டாகத்தான் கேட்டார். முக்கால்வாசி விளையாட்டாக.

"மாட்டேன். நீங்களே எழுதுங்க. சின்னதா எழுதுங்க, அப்பத்தான் நடுவுல நிறுத்த மாட்டீங்க."

மேயர் அவர் தோளைக் கடித்தது.

மதியம் முப்பத்தொரு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கதவோரம் புதுக் கோப்பையோடு ருலான். கார்வின் நடுவில் நின்று எட்டாவது தாளைப் பிரித்தார்.

"'என் பெயர் கார்வின். நான் டாக்டர் இல்லை.'"

"என்னது?" என்றது வட்டத்தின் ஒரு பக்கம்.

"'ஒடெஸ்ஸா ப்ரூயிட்டுக்கு உணர்ச்சியை வெளிப்படுத்தத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதே வாரம் அவள் எழுதியதைக் கேட்டு அழுதேன். இன்றைக்குக் காலையில் அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெற்றேன். வேன் வராது. நீங்கள் ஏமாற்றினீர்கள் என்று யாரையும் படி இறக்க மாட்டேன். யார் என்னை அழ வைக்கிறார்கள் என்று போட்டி வைத்தது நான். நீங்கள் ஜெயித்தீர்கள். அவளுடைய வீட்டைப் பதினோரு முறை கேட்டேன். யாருடைய வீடு என்று ஒரு முறையும் கேட்கவில்லை.'"

முடித்தார். ஒரு விரலும் சொடுக்கவில்லை. ருலானின் கோப்பையில் பனிக்கட்டி மட்டும் நகர்ந்தது. கார்வினின் கடிதத்துக்குக் கண்ணாடி கழற்ற இன்னொரு கார்வின் இல்லாததால், அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ப்ரின்லி கையைத் தூக்கினாள்.

"டாக்டர்... இல்லல்ல, மிஸ்டர் ஹோல்க்ரென். நீங்க வாசிக்கும்போது ரெண்டு தடவ நிமிந்து எங்க மூஞ்சியப் பாத்தீங்க."

"பாத்தேனா?"

"'ஜெயித்தீர்கள்' கிட்ட ஒருதரம். கடைசியில ஒருதரம். யாராச்சும் அழறாங்களான்னு."

கார்வின் யோசித்துப் பார்த்தார். பார்த்திருந்தார்.

"ஆமா" என்றார்.

கண்ணாடி இல்லாத குறைக்குக் கட்டைவிரல் வாக்கெடுப்பு நடந்தது: மேலே என்றால் பாஸ், கீழே என்றால் பள்ளத்தாக்கு. முப்பத்தொன்றில் நான்கு மேலே, மீதி கீழே. ஒடெஸ்ஸாவின் கட்டைவிரலும் கீழே. கார்வின் ஹோல்க்ரென், பள்ளத்தாக்கு. அவரே எழுதிய விதிப்படி, அங்கேயே குனிந்து பூட்ஸ் நாடாவை உருவி ப்ரின்லியிடம் கொடுத்தார். பன்னிரண்டாம் அளவில் நீலச் செருப்பு இல்லை. கிடங்கில் தேடி, வாத்துப் படம் போட்ட மஞ்சள் செருப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ருலான் அதைப் பார்த்தார், சனிக்கிழமையை நினைத்தார், கோப்பையோடு வெளியே போனார்.

பெண்கள் கலைய ஆரம்பித்ததும் கார்வின் சப்பு சப்பென்று நடந்து ஒடெஸ்ஸாவிடம் போனார். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார்.

"காலையில உங்கப்பாகிட்ட பேசினேன். உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னார்."

அவள் முகம் இறுகியது. "கடிதத்தப் படிச்சுக் காட்டினீங்களா?"

"ஒரு வரிகூடப் படிக்கல. வேன் வேண்டாம்னு மட்டும் சொன்னேன். அவராத்தான் கேட்டார்." சீட்டைப் பார்த்து வாசித்தார். "'காரேஜ் விளக்கு சுவிட்ச் எங்க இருக்கு?'"

ஒடெஸ்ஸா நீலச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் எரியுதாமா?"

"இன்னும் எரியுதாம். பல்ப கழட்டிடலாம்னு ஒருதரம் ஏணி போட்டாராம். மனசு வரலயாம்."

"ஃப்ரீசருக்குப் பின்னாடி" என்றாள். "பின்னாடின்னா இடது பக்கம். அப்படிச் சொன்னா அவருக்குப் புரியாது, ஃப்ரீசரயே நகத்திடுவாரு. போன் குடுங்க, நான் சொல்றேன்."

பள்ளத்தாக்கில் இருப்பவளுக்குப் போன் கிடையாது. விதிவிலக்கு கொடுக்கப் பொறுப்பில் இருப்பவர் ஒருவர் வேண்டும், கார்வினே பள்ளத்தாக்கில் இருந்தார். விதியை எழுதியவன் இவ்வளவு முட்டாளாக இருந்திருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. இரண்டு பேரும் ப்ரின்லியைப் பார்த்தார்கள். ப்ரின்லி சரிவு.

"நான் கூட வர்றேன், நான் உத்தரவாதம்" என்றாள் ப்ரின்லி, ரொம்பப் பெரிய மனுஷியாக. "ஆனா இவரு வெளியில நிக்கணும்."

கார்வின் அலுவலக அறைக்கு வெளியே நின்றார். கதவு முழுக்கச் சாத்தவில்லை. "இல்லப்பா, இடது. உங்க இடது... ஷூ போட்டுட்டுப் போங்க, தரை ஜில்லுனு இருக்கும்" என்று உள்ளே ஒடெஸ்ஸா சொல்வது கேட்டது. பிறகு, "அணைக்க வேணாம். எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்."

கார்வினின் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. நடைவழியில் ஏழெட்டுப் பெண்கள் சுவரில் சாய்ந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியை மூக்கின் மேல் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவப் போனார். செருப்பு ஒவ்வோர் அடிக்கும் வாத்து மாதிரிக் கத்தியது.